சிகாகோ, அப்பா அம்மாவோடு முதல் தடவை: எதை விடலாம்?

நந்து_பீளமேடு:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் ஒஹாயோவில் கொலம்பஸில் இருக்கிறது. ஜூன் முழுக்க அங்கேதான் இருப்போம், ஜூலை நடுவில் ஊருக்குக் கிளம்புகிறோம். திரும்பும் விமானம் சிகாகோ ஓஹேரிலிருந்து, வெள்ளி இரவு. அதனால் செவ்வாயே சிகாகோ வந்து ஊரைப் பார்த்துவிட்டு அப்படியே ஏறிவிடலாம் என்று யோசனை. அப்பா பொதுப்பணித்துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், 68 வயது, நன்றாக நடப்பார், ஆனால் பெரிய கட்டடம் எதைப் பார்த்தாலும் இதற்கு அஸ்திவாரம் எப்படிப் போட்டிருப்பான் என்று அங்கேயே நின்றுவிடுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டு ஆகாது, சுத்த சைவம்.

என் பட்டியல்: வில்லிஸ் டவர், ஜான் ஹான்காக் கோபுரம், பீன் சிற்பம், ஆற்றுப் படகு, நேவி பியர், ஆர்ட் இன்ஸ்டிட்யூட், ஃபீல்ட் மியூசியம், ஷெட் அக்வேரியம், சயன்ஸ் மியூசியம், டெவன் அவென்யூ (நம்மூர்க் கடைத்தெரு), லெமான்ட் ராமர் கோயில், அரோரா பாலாஜி கோயில், நேரம் இருந்தால் மில்வாக்கி. ஐந்து இடத்துக்குச் சேர்த்து சிட்டிபாஸ் என்று ஒன்று விற்கிறார்களே, அது வாங்கலாமா? விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் விலை குறைவாகத் தெரிகிறது, அங்கே தங்கி வாடகைக் காரில் சுற்றுவது சரியாக வருமா?

ஏரிக்கரை_செல்வி:

நந்து, முதலில் மில்வாக்கியை அடித்துவிடுங்கள். அது வேறு ஊர், வேறு மாநிலம். அப்புறம் பட்டியலை அம்மாவிடம் கொடுத்து, இதில் எதைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் வருத்தப்படுவீர்கள் என்று கேளுங்கள். அப்பாவிடம் தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரும் சொன்னதைப் போட்டாலே இருக்கிற நேரம் நிரம்பிவிடும், மீதியெல்லாம் யாரோ இணையத்தில் எழுதிய பட்டியல்.

உங்களிடம் முழுதாக இருப்பது புதனும் வியாழனும்தான். செவ்வாய் வந்து சேர்வதில் போய்விடும், வெள்ளி பெட்டி கட்டுவதில் பாதி போய்விடும். இன்னொரு சிக்கலும் உங்கள் தேதியிலேயே இருக்கிறது: ஆர்ட் இன்ஸ்டிட்யூட் செவ்வாயும் புதனும் மூடியிருக்கும். வியாழன் மட்டும் காலை 11 மணிக்குத் திறந்து இரவு 8 வரை. ஆகவே வியாழனை அதற்கு ஒதுக்கிவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். (கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள்.)

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்க வேண்டாம். ஓஹேரிலிருந்து ப்ளூ லைன் ரயிலில் லூப் (டவுன்டவுனின் நடுப்பகுதி) வர முக்கால் மணி நேரம், ஹோட்டலிலிருந்து நிலையத்துக்கு வருவது தனி. அம்மாவுக்கு மதியம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டியிருக்கும் இல்லையா, அறை தூரத்தில் இருந்தால் அது நடக்காது, வெயிலில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். லூப், இல்லாவிட்டால் ஆற்றுக்கு வடக்கே ரிவர் நார்த், இந்த இரண்டில் ஒன்று. அறை விலை பார்க்கும்போது வரியைச் சேர்த்த மொத்தத் தொகையைப் பாருங்கள், ஹோட்டல் வரி மட்டுமே 17 சதவீதத்துக்கு மேல், அதோடு சில ஹோட்டல்கள் தினமும் வசதிக் கட்டணம் என்று ஒன்றைச் செருகுவார்கள்.

சிட்டிபாஸ் வேண்டாம். ஐந்து இடத்தை ஓடி ஓடிப் பார்த்தால்தான் அது லாபம்.

டயர்_பஞ்சர்:

எல்லாரும் இப்படித்தான் காரே வேண்டாம் என்று சொல்வீர்கள். முழங்கால் வலி உள்ள அம்மாவை ரயில், பஸ் என்று இழுத்தடிப்பதா? மூன்று பேர், ஊருக்குப் போகும் பெட்டி ஆளுக்கு இரண்டு, மொத்தம் ஆறு பெட்டி. லெமான்ட், அரோரா கோயில்களுக்கு ரயில், பஸ்ஸை நம்பிப் போக முடியாது. கார் எடுங்கள் தம்பி, கோயிலும் பார்க்கலாம், டெவனும் போகலாம்.

ஏரிக்கரை_செல்வி:

டவுன்டவுனில் காரை நிறுத்த ஒரு இரவுக்கு ஹோட்டல்கள் கேட்கும் தொகையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். மூன்று இரவு நிறுத்தும் காசுக்கு நாள் முழுக்க டாக்சியிலேயே சுற்றலாம். லூப்பில் ஓட்டுவதும் ஒரு சுகமில்லை, பாதித் தெரு ஒருவழி, வேக்கர் டிரைவ் மேலும் கீழுமாக அடுக்கடுக்காக ஓடுகிறது, கீழே இறங்கினால் ஜிபிஎஸ் குழம்பிவிடும். கோயிலுக்குக் கார் வேண்டும் என்பது சரி. அதற்கு வேறு வழி யோசிக்கலாம்.

நந்து_பீளமேடு:

நன்றி அக்கா. கேட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குக் கோயில், அப்புறம் ஏரி. கடல் மாதிரி இருக்குமாமே என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு வில்லிஸ் டவர் கட்டாயம். அதைக் கட்டியது நம்ம பக்கத்து ஆள் என்று கல்லூரிக் காலத்திலேயே படித்தாராம். அப்புறம் ஆற்றைத் திருப்பிவிட்டார்களாமே, அது எங்கே என்று கேட்கிறார்.

கொலம்பஸிலிருந்து ரயில் இருக்கிறதா? தேடினால் ஒன்றும் வரவில்லை.

பெட்டி_தூக்கி:

வராது. கொலம்பஸுக்கு ஆம்ட்ராக் ரயிலே கிடையாது, அவ்வளவு பெரிய ஊராக இருந்தும். ஒன்று பஸ், இல்லாவிட்டால் விமானம், இல்லாவிட்டால் கார். விமானம் என்றால் சிகாகோவின் இன்னொரு விமான நிலையமான மிட்வேயில் இறங்குவது மாதிரி பாருங்கள், அங்கிருந்து ஆரஞ்சு லைன் நேராக லூப்புக்கு வரும், அரை மணி நேரத்துக்குள். ஆனால் ஆறு பெட்டியோடு உள்நாட்டு விமானம் ஏறினால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கட்டணம் வைப்பார்கள்.

அக்கா வீட்டில் யாராவது காரில் கொண்டுவந்து விட முடியுமா? 350 மைல் சொச்சம், இடையில் நிறுத்தி வந்தால் ஆறு மணி நேரம். கொலம்பஸ் கிழக்கு நேரம், சிகாகோ மத்திய நேரம், வரும்போது ஒரு மணி நேரம் கையில் மிஞ்சும். காலை ஏழுக்குக் கிளம்பினால் சிகாகோ கணக்குப்படி பன்னிரண்டு, ஒரு மணிக்குப் பக்கம்.

ராஜி_நேப்பர்வில்:

இதைத்தான் நானும் எழுத வந்தேன். காரில் வருவதாக இருந்தால் லெமான்ட் கோயிலை அன்றைக்கே முடித்துவிடலாம், டவுன்டவுனிலிருந்து தனியாக ஒரு பயணம் வேண்டாம். 80ஆம் நெடுஞ்சாலையில் நகரத்துக்குள் நுழையாமல் அப்படியே மேற்கே வந்தால் லெமான்ட் பக்கம். கோயில் ஒரு குன்றின் மேல், ராமர் கோயில் நம்ம ஊர் மாதிரியே கோபுரத்தோடு இருக்கும், விவேகானந்தர் சிலையும் இருக்கிறது. வார நாளில் மதியம் நடை சாத்தும் நேரத்தைத் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் அம்மா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். அங்கிருந்து டவுன்டவுன் முக்கால் மணி, சாயங்கால நெரிசலில் இன்னும் கூடும், ஆனால் நீங்கள் போவது உள்ளே, கூட்டம் வருவது வெளியே, அதனால் அவ்வளவு மோசமில்லை.

அரோரா பாலாஜி இன்னும் மேற்கே. இரண்டில் ஒன்று போதும். அக்கா காரில் ஒஹாயோவின் இ-ஸீபாஸ் ஒட்டியிருந்தால் இண்டியானா, இல்லினாய் சுங்கச்சாவடி எல்லாவற்றிலும் அதுவே வேலை செய்யும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

நந்து_பீளமேடு:

மாமா செவ்வாய் ஒரு நாள் லீவு போட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரவு எங்களோடு தங்கி, புதன் விடிகாலை திரும்புகிறேன் என்கிறார்! பெட்டிப் பிரச்சினை, கோயில் பிரச்சினை இரண்டும் தீர்ந்தது. டயர் அண்ணா சொன்ன காரும் ஆச்சு.

டயர்_பஞ்சர்:

பார்த்தீர்களா. மாமா காரை இரவு நிறுத்தும் காசு உங்கள் பொறுப்பு, அவரைக் கொடுக்க விடாதீர்கள்.

பாலத்துக்கடி:

அப்பா எஞ்சினியர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் சிவில்தான்.

வில்லிஸ் டவர் (அப்பாவிடம் சியர்ஸ் டவர் என்றே சொல்லுங்கள், உள்ளூர்க்காரர்களே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்) ஃபஸ்லுர் ரஹ்மான் கான் வடிவமைத்த அமைப்பு. டாக்காவில் 1929இல் பிறந்தவர். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டி, மேலே போகப் போக இரண்டு மூன்றாக நிறுத்திக்கொண்டே போயிருப்பார், வெளியிலிருந்து பார்த்தாலே எந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று எண்ணலாம். 110 மாடி, 1,451 அடி. 1998இல் கோலாலம்பூர் பெட்ரோனாஸ் வரும்வரை உலகத்திலேயே உயரமானது அதுதான். ஜான் ஹான்காக்கும் அவர் வேலைதான், 1969. அதில் குறுக்குச் சட்டங்களை மறைக்காமல் வெளியிலேயே பெருக்கல் குறி போலப் போட்டிருப்பார். காற்று தள்ளுவதை வெளிச் சுவரே தாங்கும், உள்ளே தூண் குறையும், இரும்பும் குறையும்.

அஸ்திவாரம் கேட்பார் இல்லையா. சிகாகோ அடிமண் மெத்தென்ற களிமண். ஜாக்சன் தெருவில் மொனாட்னாக் என்று ஒரு கட்டடம் இருக்கிறது, வடக்குப் பாதி 1891, 16 மாடி, எல்லாம் செங்கல் சுவரே தாங்குகிறது, அடியில் சுவரின் கனம் ஆறடி. கட்டிய பிறகு ஒன்றரை அடிக்கும் மேலே மண்ணில் இறங்கிவிட்டது. இன்னும் அங்கேயே நிற்கிறது, ஆள்கள் வேலை செய்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாலு தெரு தள்ளி சியர்ஸுக்குப் போனால், பாறை வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட கான்கிரீட் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். எண்பது வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது நடக்கிற தூரத்திலேயே தெரிந்துவிடும். அந்த வழியிலேயே லசால் தெருவில் ரூக்கெரி, 1888, அதன் முன்கூடத்தைப் பின்னால் ஃப்ராங்க் லாய்ட் ரைட் மாற்றி அமைத்தார், கண்ணாடிக் கூரை. உள்ளே எட்டிப்பார்க்கக் காசு கிடையாது.

ஆறு. 1900 வரை அது மிச்சிகன் ஏரிக்குள் ஓடியது, ஊர்ச் சாக்கடை முழுக்க அதில். குடிநீரும் அதே ஏரியிலிருந்து. டைஃபாய்ட் வராமல் என்ன செய்யும்? 28 மைல் கால்வாய் வெட்டி, ஆற்றை ஏரியிலிருந்து திருப்பி மிசிசிப்பி பக்கம் ஓட விட்டார்கள். அதற்கும் முன்னால், 1850களிலும் 60களிலும், சாக்கடைக் குழாய் பதிக்க இடமில்லை என்று தெருவையே உயர்த்தி, கட்டடங்களைத் திருகுஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். ட்ரெமான்ட் ஹவுஸ் என்ற ஹோட்டலைத் தூக்கும்போது உள்ளே ஆட்கள் தங்கியிருந்தார்கள். அப்பாவுக்கு இது ஒன்று போதும், விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்க முடியாது.

பார்க்க வேண்டிய இன்னொன்று மிச்சிகன் அவென்யூ பாலம். இரண்டடுக்கு, 1920, நடுவில் பிளந்து மேலே தூக்கும். பாலக் காவல் கோபுரத்துக்குள் சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெரிய பற்சக்கரங்களைக் கிட்டே நின்று பார்க்கலாம். எல்லா நாளும் திறக்காது, வெள்ளி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே அஞ்சு மாடிப் படி, அம்மா கீழே ஆற்றோரம் உட்காரட்டும், ரிவர்வாக்கில் நிழல் இருக்கிறது.

நந்து_பீளமேடு:

சார், இதை அப்படியே அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன். மொனாட்னாக் சுவர் கனத்துக்கு மட்டும் மூன்று சந்தேகம் அனுப்பியிருக்கிறார். உங்களை நேரில் பார்க்க முடியுமா என்றும் கேட்கிறார்.

காசு_கணக்கு:

சியர்ஸ் மேலே ஏறிப் பார்க்கும் ஸ்கைடெக் டிக்கெட் மூன்று பேருக்கு எடுக்கும் பணத்தில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம். 103ஆம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ஒரு படம், அதற்கு ஒரு மணி நேர வரிசை. வெளியிலிருந்து பார்த்தால் போதாதா? மேலே ஏறியே ஆக வேண்டும் என்றால் ஹான்காக்கின் 94ஆம் மாடிக்குப் போங்கள், ஏரி இன்னும் கிட்டே தெரியும், சியர்ஸ் டவரும் படத்தில் விழும். சியர்ஸ் மேலே நின்றால் சியர்ஸ் தெரியாது.

ஏரிக்கரை_செல்வி:

பொதுவாக நானும் ஹான்காக் பக்கம்தான். ஆனால் இங்கே கேட்பது கல்லூரிக் காலத்திலிருந்து அந்தக் கட்டடத்தை மனசில் வைத்திருக்கிற மனிதர். அவர் சியர்ஸ் ஏறட்டும். நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து, காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், மதியம் போனால்தான் கூட்டம். இரண்டு கோபுரமும் ஏறுவதுதான் வீண்.

படகை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆற்றில் ஒன்றரை மணி நேரம், கட்டடக்கலை பற்றிச் சொல்லிக்கொண்டே போவார்கள். அம்மா உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிடலாம், அப்பாவுக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாடம். பல நிறுவனங்கள் ஓட்டுகின்றன, சிகாகோ கட்டடக்கலை மையத்தின் படகில் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், விஷயம் தெரிந்து பேசுவார்கள். சாயங்காலப் படகு எடுங்கள், வெயில் தாழ்ந்து கண்ணாடிக் கட்டடங்களில் வெளிச்சம் விழும் நேரம். ஏரிக் காற்று ஜூலையிலும் சிலுசிலுவென்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை.

ராஜி_நேப்பர்வில்:

அம்மாவின் ஏரிக்கு நேவி பியர் போதும். நுழையக் காசில்லை, சமதளம், நிறைய பெஞ்ச். கோடையில் புதன் இரவும் சனி இரவும் அங்கே வாணவேடிக்கை இலவசம், உங்களுக்குப் புதன் அமைகிறது. அதே புதன் சாயங்காலம் ஆறரைக்கு மில்லேனியம் பார்க்கில் கிராண்ட் பார்க் இசை விழா, முழு ஆர்கெஸ்ட்ரா, புல்வெளியில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து கேட்கலாம், அதுவும் இலவசம். இரண்டும் வேண்டும் என்று பேராசைப்படாமல் அம்மாவின் காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பீன் அதே பூங்காவில்தான். கட்டியவர் அனீஷ் கபூர், மும்பையில் பிறந்தவர், பெயர் கிளவுட் கேட், பீன் என்றால் அவருக்குப் பிடிக்காதாம், ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

பூங்காவுக்கு எதிரே கல்ச்சுரல் சென்டர், 1897இல் நூலகமாகக் கட்டியது, டிஃபனி கண்ணாடிக் குவிமாடம், லிஃப்ட் உண்டு, கழிப்பறை சுத்தம், எல்லாம் இலவசம். பெரியவர்களோடு போகிறவர்கள் அந்தக் கழிப்பறையை வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது, டவுன்டவுனில் பொதுக் கழிப்பறை தேடுவது ஒரு வேலை.

சாப்பாடு: டீப் டிஷ் பீட்சா ஒரு தடவை. வேக முக்கால் மணி வரை ஆகும், உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். கீரை போட்டது கிடைக்கும். மூன்று பேருக்குச் சின்னது ஒன்று போதும், உண்மையாகவே. டெவனுக்குப் போக ரெட் லைனில் லயோலா வரை போய் 155ஆம் பஸ். ஆனால் ஒரு மாதம் அக்கா சமையலைச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு டெவன் எதற்கு என்பது என் கேள்வி.

டயர்_பஞ்சர்:

டெவனை அப்படித் தள்ளிவிடாதீர்கள். ஒரே தெருவில் ஒரு துண்டுக்கு காந்தி மார்க் என்று பலகை, இன்னொரு துண்டுக்கு முகமது அலி ஜின்னா பெயர். படேல் பிரதர்ஸ் மளிகைக் கடை 1974இல் தொடங்கியதும் அங்கேதான். அது பழைய சிகாகோ.

ஏரிக்கரை_செல்வி:

பார்க்க வேண்டிய தெருதான், மறுக்கவில்லை. போக வர அரை நாள். இந்தத் தடவை அந்த அரை நாள் இல்லை.

வியாழனுக்கு வருகிறேன். ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் எல்லாரும் சூராவின் ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தையும் ஹாப்பரின் இரவுக் கடை ஓவியத்தையும் பார்க்க மாடிக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் கீழே ஆசியக் கூடங்களுக்குப் போங்கள். நாகப்பட்டினத்துக் கருங்கல் புத்தர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், 12ஆம் நூற்றாண்டு, தியானக் கோலம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் விகாரம் கட்டிய ஊர் அது. சோழர் செப்புத் திருமேனிகளும் உண்டு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டால் காவலாளி ஒன்றும் சொல்ல மாட்டார், தொடாமல் இருந்தால் சரி.

அதே கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசினார். அப்போது அது புதிதாகக் கட்டிய கட்டடம், சர்வ சமய மாநாட்டுக்காகத் தற்காலிகமாக அமைத்த மண்டபம் இப்போது இல்லை, அந்தப் பகுதியில் ஃபுல்லர்ட்டன் ஹால் இருக்கிறது. அவரை அனுப்பப் பணம் திரட்டியது திருவல்லிக்கேணி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய், ராமநாதபுரம் சேதுபதியும் உதவினார், அதனால் நம்மவர்களுக்கு அந்த வாசலில் கொஞ்சம் உரிமை அதிகம் என்று நான் சொல்லிக்கொள்வது. வாசலில் சிங்கங்களுக்கு எதிரே ஆடம்ஸ் தெருவில் 66ஆம் நெடுஞ்சாலை தொடங்கும் பலகை, படம் எடுத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலி அருங்காட்சியகத்திலேயே இலவசமாகத் தருவார்கள், அம்மா கூச்சப்பட்டாலும் வாங்கிவிடுங்கள். அந்த இடத்தில் தரை நீளம் அப்படி.

பாலத்துக்கடி:

ஹைட் பார்க்கை யாருமே சொல்லவில்லையே? இயற்பியலாளர் சந்திரசேகர் 1937இலிருந்து 1995இல் இறக்கும் வரை இருந்த சிகாகோ பல்கலைக்கழகம் அங்கேதான். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் 1962லிருந்து கடைசி வரை அங்கேதான் பாடம் எடுத்தார். 1942 டிசம்பர் 2 அன்று முதல் அணு உலை ஓடிய இடத்தில் ஹென்றி மூர் சிற்பம் நிற்கிறது. நாலு தெரு தள்ளி ரைட்டின் ரோபி வீடு. சயன்ஸ் மியூசியத்தில் 1944இல் பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி, முழுசாக. மில்லேனியம் ஸ்டேஷனிலிருந்து மெட்ரா ரயிலில் கால் மணி, இருபது நிமிஷம்தான். புதன் காலை அப்பாவைக் கூட்டிப் போகலாம்.

காசு_கணக்கு:

இரண்டு நாளில் இவ்வளவுமா? மனிதர் விடுமுறைக்கு வருகிறார், ஆய்வுக்கு வரவில்லை.

நந்து_பீளமேடு:

சண்டை வேண்டாம். முடிவு பண்ணிவிட்டேன். செவ்வாய் மாமாவோடு காரில் லெமான்ட், தரிசனம், சாயங்காலம் லூப் ஹோட்டல், வெளியே எங்கும் இல்லை, ஆற்றோரம் கொஞ்ச நேரம் மட்டும். புதன் காலை அப்பாவும் நானும் ஹைட் பார்க், அம்மா அறையில் ஓய்வு (அவர்களே கேட்டது, உங்கள் அணு உலைக்கு நான் வரவில்லை என்றார்கள்), சாயங்காலம் படகு, முடிந்தால் நேவி பியர் வாணவேடிக்கை. வியாழன் காலை சியர்ஸ், மொனாட்னாக், ரூக்கெரி, மதியம் தூக்கம், மூன்று மணிக்கு ஆர்ட் இன்ஸ்டிட்யூட். வெள்ளி காலை பீன், பாலத்து அருங்காட்சியகம், அப்புறம் ஓஹேர். ஃபீல்ட், ஷெட், ஹான்காக், டெவன், அரோரா எல்லாம் அவுட்.

டாக்சி எப்போது சொல்லட்டும்? விமானம் இரவு ஒன்பது. ரயிலுக்குக் கார்டு வாங்க வேண்டுமா?

பெட்டி_தூக்கி:

கார்டு வேண்டாம், தட்டிச் செலுத்தும் பேங்க் கார்டு இருந்தால் சிடிஏ (நகரப் போக்குவரத்து நிர்வாகம்) ரயில், பஸ் இரண்டிலும் வாசலில் தட்டினாலே போதும், ஆளுக்கு ஒரு கார்டு. மெட்ரா வேறு நிர்வாகம், அதற்கு வென்ட்ரா செயலியில் டிக்கெட். லூப்பில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது. கிளார்க்-லேக்கில் இருக்கிறது, வாஷிங்டன்-வாபாஷில் இருக்கிறது. அம்மாவோடு ஏறினால் இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள். பிரௌன் லைன் ஏறி லூப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் கட்டடங்களின் இரண்டாம் மாடி ஜன்னலை உரசிக்கொண்டு போகும், அதுவே ஒரு வேடிக்கை.

தெருக் குழப்பம் வந்தால்: ஏரி எப்போதும் கிழக்கு. ஸ்டேட் தெருவும் மாடிசன் தெருவும் வெட்டும் இடம் பூஜ்யம், அங்கிருந்து எண் 800 கூடினால் ஒரு மைல். 400 வடக்கு என்றால் அரை மைல் வடக்கே. அப்பாவிடம் இதைச் சொன்னால் உங்களிடம் வழி கேட்க மாட்டார்.

வெள்ளி சாயங்காலம் கென்னடி நெடுஞ்சாலை திணறும். ஹோட்டலில் பெட்டிகளை வைத்துவிட்டு ஊர் சுற்றுங்கள், காசு கேட்க மாட்டார்கள், பெட்டி எடுத்துத் தருகிறவருக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுங்கள். மூன்றரைக்குக் கிளம்பிவிடுங்கள், ஆறு பெட்டி பிடிக்கும் பெரிய வண்டியாகச் சொல்லுங்கள். ப்ளூ லைன் மலிவுதான், ஆனால் ஆறு பெட்டியோடு வெள்ளி மாலை ஏறினால் மற்ற பயணிகள் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஐந்தாம் டெர்மினல், அது மற்ற மூன்றிலிருந்தும் தள்ளி இருக்கிறது, டிரைவரிடம் ஏறும்போதே சொல்லுங்கள். தவறான இடத்தில் இறங்கினால் டெர்மினல்களுக்கு நடுவே இலவச ரயில் ஓடுகிறது, பெட்டியோடு அலைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஹோட்டல் சாப்பாட்டு பில்லில் டிப்ஸ் 18, 20 சதவீதம், வரி பத்துக்கு மேல். மெனுவில் இருபது டாலர் என்றால் இருபத்தாறு என்று படியுங்கள்.

நந்து_பீளமேடு:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அம்மாவுக்குக் காலையில் வெந்நீர் கட்டாயம். அறையில் கெட்டில் இருக்குமா? ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னக் கெட்டில் ஒன்று எங்களிடம் இருக்கிறது.

ராஜி_நேப்பர்வில்:

பெரும்பாலும் காப்பி மெஷின்தான் இருக்கும், அதில் வரும் வெந்நீரில் காப்பி வாசனை அடிக்கும், அம்மா குடிக்க மாட்டார்கள். அக்கா வீட்டுக் கெட்டிலைக் கடன் வாங்கி வந்து, மாமா புதன் காலை திரும்பும்போது கொடுத்துவிடாமல் வெள்ளி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கெட்டில் 230 வோல்ட், இங்கே 120. பின் மாற்றிச் சொருகினாலும் கால் பங்கு சூடுதான் வரும். ஏன் கால் பங்கு, பாதி இல்லையா என்று அப்பாவைக் கேளுங்கள், செவ்வாய் ஆறு மணி நேரக் கார்ப் பயணத்துக்கு ஆகும்.